தினமும் பிரஷ் போட்டும் சடை பிடிக்கிறது, ஏன்?

"சுருள் முடி நாய்க்கு முடி கொட்டாது, பராமரிப்பு குறைவு என்று கேள்விப்பட்டுத்தான் வளர்க்க ஆரம்பித்தோம். தினமும் பிரஷ் போடுகிறோம். பார்க்கப் பஞ்சு மாதிரி இருக்கிறது. நேற்று முடி வெட்டக் கொண்டுபோன இடத்தில் 'உள்ளே முழுக்கச் சடை, ஒட்ட வெட்டத்தான் முடியும்' என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா? இதை வீட்டிலேயே செய்ய முடியாதா?"

மார்ச் 3

ஏமாற்றவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் இதே வசனத்தை இதே கோபத்தோடு நானும் பேசியிருக்கிறேன்.

ஒரு சோதனை செய்யுங்கள். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, நீளமான பல் உள்ள உலோகச் சீப்பை எடுங்கள். காதுக்குப் பின்னால் தோலைத் தொடும்வரை இறக்கி வெளிப்பக்கமாக இழுங்கள். அப்புறம் அக்குள், தொடையின் உள்பக்கம், வாலின் அடி, கழுத்துப் பட்டை உரசும் இடம். சீப்பு எங்கே நிற்கிறதோ அங்கே சடை. உங்களுக்கு முதல் இடத்திலேயே நிற்கும் என்று நினைக்கிறேன்.

தினமும் பிரஷ் போட்டீர்கள் என்பதை நம்புகிறேன். அது மேல் ஒரு அங்குலத்தைத்தான் தொட்டிருக்கும். அடியில், தோலை ஒட்டி, ஒரு கம்பளம் தயாராகிக்கொண்டிருந்திருக்கிறது. முடி கொட்டாது என்பதும் பாதி உண்மைதான். உதிர்கிற முடி தரைக்கு வருவதில்லை, பக்கத்துச் சுருளில் மாட்டிக்கொண்டு அங்கேயே கிடக்கிறது. லாப்ரடாரின் முடி சோபாவில் சேரும், பூடிலின் முடி பூடிலிலேயே சேரும். துடைப்பம் பிடிக்கிற வேலை மிச்சம், சீப்பு பிடிக்கிற வேலை கூடுதல்.

ஒட்ட வெட்டச் சொன்னால் வெட்டிவிடுங்கள். முடி வளரும்.

மார்ச் 3, இரவு

முக்கியமானதை விட்டுவிட்டேன். ஒட்ட வெட்டக் கொண்டுபோகும்வரை பொறுக்க முடியாமல் கத்தரிக்கோலை எடுத்துவிடாதீர்கள்.

எங்கள் மிளகுக்கு (அம்மா பூடில், அப்பா ஏதோ ஒரு ஸ்பானியல், நிறம் பெயரிலேயே இருக்கிறது) அக்குளில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு சடை. அதைப் பிடித்து மேலே தூக்கி, அடியில் கத்தரித்தேன். நான் வெட்டியது முடியை என்றுதான் நினைத்தேன். சடையைத் தூக்கும்போது தோலும் கூடாரம் மாதிரி கூடவே எழுந்துவிடுகிறது. அக்குளில் நாயின் தோல் காகிதம் போல மெல்லியது. கறுப்பு முடியில் எங்கே முடி முடிகிறது, எங்கே தோல் தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. மிளகு கத்தவே இல்லை, திரும்பிப் பார்த்தது. எனக்குக் கையில் ஈரம் பட்டபிறகுதான் புரிந்தது. இரண்டு தையல்.

டாக்டர் திட்டவில்லை. "வாரத்துக்கு ஒன்று இப்படி வரும்" என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

மார்ச் 5

"சரி, எப்படித்தான் சீவுவது?" என்று கேட்டதற்கு:

நாயைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். நிற்க வைத்தும் செய்யலாம், ஆனால் படுத்தால் இருவருக்கும் பொறுமை நீளும். பாதத்துக்குச் சற்று மேலே தொடங்குங்கள். ஒரு கையால் மேல் முடியை எல்லாம் தள்ளி அமுக்கிப் பிடித்தால், வகிடு எடுத்த மாதிரி ஒரு கோட்டில் தோல் தெரியும். தோல் கண்ணில் படவேண்டும், அதுதான் விஷயம். அந்தக் கோட்டுக்குக் கீழே தொங்குகிற மெல்லிய வரிசையை மட்டும் ஸ்லிக்கர் பிரஷ்ஷால் (மெல்லிய கம்பிகள் நெருக்கமாக நிற்கும் பிரஷ்) சின்னச் சின்னதாகத் தட்டி வெளியே இழுங்கள். அதே வரிசையில் சீப்பை விட்டுப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால், அமுக்கிய கையைக் கொஞ்சம் மேலே நகர்த்தி அடுத்த வகிடு. இப்படியே கால், தொடை, விலா, தோள், கழுத்து. கூரைக்கு ஓடு வேய்கிறவர் கீழிருந்து மேலே போவது போல.

முதல் முறை எங்களுக்கு மூன்று மணி நேரம் ஆனது, அதுவும் ஒரு பக்கத்துக்கு. இப்போது மொத்த நாயும் நாற்பது நிமிஷம். சீப்பில் பாதி பல் நெருக்கமாகவும் பாதி அகலமாகவும் இருக்கும் வகையை வாங்குங்கள். முதலில் அகலம், முடித்த பிறகு நெருக்கம். பிரஷ் வேலைக்காரன், சீப்பு மேற்பார்வையாளர். நான் இரண்டு வருஷம் மேற்பார்வையாளரே இல்லாமல் வேலை வாங்கிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 6

ஸ்லிக்கரின் கம்பிகள் கூரானவை. நாய்க்குப் போடும் அதே அழுத்தத்தில் உங்கள் முன்கையில் நாலு தடவை இழுத்துப் பாருங்கள். எரிந்தால் அதற்கும் எரியும். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் தோல் சிவந்து சிராய்த்துவிடும். அப்புறம் அந்த இடத்தைத் தொடவே விடாது.

மார்ச் 9

குளிக்க வைப்பதற்கு முன்னால் சீவுவதா, பின்னால் சீவுவதா என்று கேட்டவருக்கு: முன்னால். சடையோடு தண்ணீரில் இறக்கவே கூடாது. கம்பளித் துணியைத் தண்ணீரில் நனைத்துக் கசக்கினால் என்ன ஆகும்? சுருங்கி இறுகிப் பலகை ஆகும். இதுவும் அப்படித்தான்.

துண்டால் தேய்த்துத் துவட்டாதீர்கள். புதுச் சடை உண்டாக்க அதைவிடச் சுலபமான வழி கிடையாது. துண்டைச் சுற்றி அமுக்கி அமுக்கி ஈரத்தை எடுக்க வேண்டும். என் வீட்டுக்காரர் இன்னமும் தேய்க்கிறார். பாத்திரம் துலக்குகிற கை.

மார்ச் 10

நேற்று "இறக்கவே கூடாது" என்று எழுதியது கொஞ்சம் அதிகம். தொழிலாக இதைச் செய்கிற ஒருவர் திருத்தினார், அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் பல நேரம் சடையோடேயே குளிப்பாட்டிவிடுகிறார்கள். அழுக்கும் எண்ணெயும் போன முடி வழுக்கும், கண்டிஷனர் போட்டால் இன்னும் வழுக்கும், அதன்மேல் வேகமாகக் காற்று அடிக்கும் உலர்த்தியை வைத்தால் சின்ன முடிச்சுகள் தாமே பிரிந்து பறக்கும். அழுக்கு முடியை உலர்வாகச் சீவினால் முடி நடுவில் ஒடிகிறது என்பதும் அவர் கருத்து.

ஆக, ஈரம் மட்டுமே எதிரி என்று சொல்ல முடியாது. நனைத்துவிட்டு, சீவாமல், தானே காயட்டும் என்று விடுவதுதான் நாசம். அந்த உலர்த்தியும் பழகிய கையும் நம்மிடம் இல்லாதவரை முதலில் சீவிவிட்டுக் குளிப்பாட்டுவதே பாதுகாப்பு. என் பழைய விதியை வீட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

ஷாம்பு பற்றி ஒரு வரி: நம்முடைய ஷாம்பு வேண்டாம். மனிதத் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் நடுநிலையை ஒட்டியது, நம்முடையதைவிட மெல்லியதும்கூட. தேயிலை மர எண்ணெய் கலந்த எதையும் "இயற்கை" என்று நம்பித் தடவாதீர்கள், அது நாய்க்கு விஷம்.

மார்ச் 14

கர்லி கோட்டட் ரிட்ரீவர் வளர்க்கும் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்: "நீங்கள் சொன்னபடி செய்தேன், என் நாய் மின்சாரம் தாக்கியது போல் நிற்கிறது."

மன்னிக்கவும். கேள்வியில் 'சுருள் முடி' என்று பொதுவாக இருந்தும் நான் பேசியதெல்லாம் பூடில், பிஷோன் ஃப்ரீஸே, டூடுல் (பூடிலோடு வேறு இனம் சேர்ந்த கலப்பு) வகை முடி பற்றி. இவை வளர்ந்துகொண்டே போகும், வெட்டித்தான் ஆகவேண்டும். உங்கள் நாயின் முடி வேறு. குட்டையான, இறுக்கமான சுருள், அடிமுடி (மேல்முடிக்கு அடியில் வளரும் பஞ்சு போன்ற முடி) இல்லை, ஒரு நீளத்தோடு நின்றுவிடும், பருவத்துக்கு உதிரவும் செய்யும். பிரஷ் போட்டால் சுருள் பிரிந்து பரட்டையாகும். நனைத்து விரலால் கோதிவிட்டுத் தானே காய விட்டால் சுருள் திரும்பிவிடும். அதாவது எங்கள் வீட்டில் எது குற்றமோ அதுவே உங்களுக்கு மருந்து. உதிரும் காலத்தில் மட்டும் சீவுங்கள்.

மார்ச் 15

இந்த வித்தியாசம் உறுத்திக்கொண்டே இருந்ததால் ராத்திரி தேடிப் படித்தேன். இந்த உரையாடல் இழைக்குச் சம்பந்தம் குறைவு, பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

2009-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு: இன நாய்களின் முடி வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களின் சேர்க்கையால் விளக்கிவிடலாமாம். எஃப்ஜிஎஃப்5 நீளத்துக்கு, கேஆர்டி71 சுருளுக்கு, ஆர்எஸ்பிஓ2 மீசைக்கும் புருவத்துக்கும். மூன்றிலும் பழைய வடிவமே இருந்தால் பாசெட் ஹவுண்ட் போலக் குட்டை முடி. நீளமும் சுருளும் சேர்ந்து மீசை இல்லாவிட்டால் ஐரிஷ் வாட்டர் ஸ்பானியல். மூன்றும் மாறியிருந்தால் பிஷோன் ஃப்ரீஸே.

எனக்கு வியப்பாக இருந்தது மீசை மரபணுதான். குறைவாக உதிர்வதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆக 'சுருள் இருந்தால் கொட்டாது' என்பது தப்பான இடத்தைப் பார்த்துச் சொன்னது. ரிட்ரீவருக்குச் சுருள் உண்டு, மீசை இல்லை, கொட்டுகிறது. மிளகுக்கு மீசை உண்டு. தண்ணீர் குடித்துவிட்டு வந்து அதை என் மடியில் துடைக்கும்.

மார்ச் 21

கிளிப்பர் (முடி வெட்டும் இயந்திரம்) வாங்கிவிட்டேன், எந்த பிளேடு என்று கேட்டவருக்கு. எண் ஏற ஏற முடி குறையும். இது தலைகீழ் என்று முதல் நாளே மனதில் பதிய வையுங்கள். 10 என்றால் 1.5 மில்லிமீட்டர் விட்டு வெட்டும், 7 என்றால் 3.2, 5 என்றால் 6.3, 4 என்றால் 9.5. 30 ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். நான் முதல் தடவை "பெரிய எண், நிறைய முடி மிஞ்சும்" என்று 30-ஐ மாட்டி முதுகில் ஒரு கோடு போட்டேன். ஒரு மாசம் அந்தப் பாதை தெரிந்தது. மகள் அதற்கு நெடுஞ்சாலை என்று பெயர் வைத்தாள்.

முடி வளரும் திசையிலேயே ஓட்டுங்கள். எதிர்த்து ஓட்டினால் இன்னும் ஒட்ட வெட்டும். தோலை மறுகையால் இழுத்துப் பிடியுங்கள், அக்குளிலும் விலாவுக்குப் பின்னே இருக்கும் மடிப்பிலும் கட்டாயம். சில நிமிஷத்துக்கு ஒரு தடவை பிளேடை உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பாருங்கள். சுட்டால் நிறுத்துங்கள். நிறையப் பேர் 'கிளிப்பர் அலர்ஜி' என்று சொல்வது சூடான பிளேடு போட்ட சூடுதான். எண்ணெய் விடுங்கள். அழுக்கு முடியில் ஓட்டினால் பிளேடு சீக்கிரம் மழுங்கும்.

வீட்டுக்கு 7 போதும்.

மார்ச் 22

கடைசி வரியைத் திருத்துகிறேன், யாரும் அப்படியே வாங்கிவிட வேண்டாம். 7 என்றால் 7எஃப் வாங்குங்கள். எஃப் போட்ட பிளேடில் பற்கள் எல்லாம் ஒரே நீளம். எஃப் இல்லாத 7-லும் 5-லும் ஒன்றுவிட்டு ஒன்று நீளமாக இருக்கும், அந்த இடைவெளியில் தளர்ந்த தோல் சிக்கிக் கிழியும். சடைக்குள் நன்றாக நுழைகிறது என்று தொழிலாளிகள் அதை வைத்திருக்கிறார்கள். நமக்கு வேண்டாம். தையல் போட்ட கதையை ஒரு தடவை சொன்னால் போதும்.

உண்மையில் சடைக்கு அடியில் போக மிகப் பாதுகாப்பானது 10. மெல்ல, தோலோடு படுத்தாற்போல்.

மார்ச் 22, பிற்பகல்

"அரை அங்குலம் விட்டுவிட்டு, சடையை மட்டும் எடுக்க முடியாதா?" முடியாது. கிளிப்பர் சடைக்கு மேலேயும் போகாது, ஊடேயும் போகாது. அடியில் ஒரு தாள் அளவுக்கு இடம் இருக்கும், அங்கேதான் போகும். மேலே மாட்டுகிற பிளாஸ்டிக் சீப்புகளும் அப்படித்தான், உலோகச் சீப்பு நுழையாத இடத்தில் அவை நுழையாது. முடியின் நீளத்தை முடிவு செய்வது நீங்களும் இல்லை, வெட்டுகிறவரும் இல்லை. போன மாசம் சீவாமல் விட்ட நாட்கள்தான்.

தனியாக நிற்கும் ஒன்றிரண்டு முடிச்சுகள் வேறு விஷயம். சோள மாவு (கார்ன்ஃப்ளோர்) தூவி, விரலால் நுனியிலிருந்து பிய்த்துப் பிய்த்து, சீப்பின் ஓரப் பல்லால் கிளறினால் வந்துவிடும். அடியைப் பிடித்துக்கொண்டு கிளறுங்கள், அப்போது இழுப்பு தோலுக்குப் போகாது. ஒரு முடிச்சுக்குப் பத்து நிமிஷம் வைத்துக்கொள்கிறேன். அதற்குள் வராவிட்டால் 10-ஆம் எண் பிளேடுதான். நாய்க்கு அழகுப் போட்டி எதுவும் இல்லை.

மார்ச் 29

அலர்ஜி பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். இது முடி பராமரிப்பு இழை, சுருக்கமாகச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

ஒவ்வாமை தருவது முடி இல்லை. எச்சிலிலும் தோலிலும் இருக்கும் புரதங்கள், முக்கியமாகக் கேன் எஃப் 1. 2011-ல் அமெரிக்காவில் 170-க்கும் மேற்பட்ட வீடுகளின் தூசியை எடுத்துப் பார்த்தார்கள். ஒவ்வாமை தராத இனம் என்று பெயர் வாங்கிய நாய் உள்ள வீட்டிலும் மற்ற வீட்டிலும் அந்தப் புரதத்தின் அளவில் வித்தியாசம் தெரியவில்லை.

லாப்ரடூடுல் கதையே இதற்குச் சாட்சி. 1989-ல் ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய்ச் சங்கத்தில் இருந்த வாலி கான்ரன், ஹவாயில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்காக லாப்ரடாரையும் பூடிலையும் சேர்த்தார், அவர் கணவருக்கு நாய் ஒத்துக்கொள்ளாது என்பதால். பிறந்தவை மூன்று குட்டிகள். முடியும் எச்சிலும் அனுப்பிப் பார்த்ததில் ஒன்றுதான் அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. ஒரே ஈற்றிலேயே மூன்றில் ஒன்று. அந்த இனத்தை உருவாக்கியதற்காக அவர் பிற்காலத்தில் வருத்தப்பட்டுப் பேசினார். டூடுலின் சடையை எடுக்கும் ராத்திரிகளில் நானும் அவரோடு சேர்ந்து வருத்தப்படுகிறேன்.

ஏப்ரல் 6

வெட்டியபின் படிக்கட்டு மாதிரி இருக்கிறது என்று புகைப்படம் அனுப்பியவருக்கு. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டு பரவாயில்லை. சுருண்ட நிலையிலேயே வெட்டியிருக்கிறீர்கள்.

நானும் செய்தேன். குளிப்பாட்டி, வெயிலில் விட்டு, குட்டிக் குட்டிச் சுருளாகக் காய்ந்தபின் கிளிப்பர் ஓட்டினேன். அன்றைக்குப் பளிச்சென்றுதான் இருந்தது. அடுத்த குளியலில் சுருள் நீண்டதும் ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு நீளம். வெட்டுவதற்கு முன்னால் முடியை நீட்டிக் காய வைக்க வேண்டும். உலர்த்தியை மிதமான சூட்டில் ஒரு இடத்தில் காட்டி, அந்த இடத்தையே பிரஷ்ஷால் நீவி, அது முழுக்கக் காய்ந்தபிறகு அடுத்த இடம். மற்ற பகுதியை ஈரத் துண்டால் மூடி வைத்தால் முந்திக்கொண்டு சுருளாது. இருப்பதிலேயே அலுப்பான வேலை இது, வெட்டின் அழகில் முக்கால்வாசி இதில்தான். நான்கு கைகள் வேண்டும். இரண்டு என்னுடையவை, இரண்டு மகளுடையவை, அவள் பரீட்சை நாட்களில் மிளகு பரட்டையாகத்தான் இருக்கும்.

முகத்துக்கு முனை மழுங்கிய சின்னக் கத்தரி. கண்ணை நோக்கிக் குத்துவாட்டில் பிடிக்காமல், மூக்கின் பாலத்துக்கு இணையாகப் படுக்க வைத்துப் பிடியுங்கள். தாடியைப் பிடித்திருக்கும் கையின் சுண்டுவிரல் மீது கத்தரி பிடித்த கை சாய்ந்திருந்தால், நாய் தலையை ஆட்டும்போது இரண்டும் சேர்ந்து ஆடும். பாதத்துக்கு அடியில் மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியையும் எடுங்கள். விட்டால் அதுவும் சடையாகி, செருப்புக்குள் கூழாங்கல் போட்டுக்கொண்டு நடப்பது போல் நடக்கும். வழவழப்பான தரையில் வழுக்கவும் செய்யும்.

ஏப்ரல் 7

காது முடியைப் பிடுங்கலாமா? முன்பு மாதா மாதம் பிடுங்கினேன், பூடில் என்றால் பிடுங்கித்தான் ஆகவேண்டும் என்று யாரோ சொன்னதால். பிடுங்கிய வாரமெல்லாம் காது சிவந்து சொறிந்துகொள்ளும், அதற்கு மருந்து, மருந்துக்குப் பிறகு மறுபடி பிடுங்கல். டாக்டர் "நன்றாக இருக்கிற காதை ஏன் நோண்டுகிறீர்கள்?" என்றார். நிறுத்தினேன். இப்போது வாசலில் இருக்கும் முடியைக் குட்டையாக வெட்டுகிறேன், குளித்தபின் வெளிக்காதை ஒற்றி எடுக்கிறேன். அடிக்கடி காது நோய் வருகிற நாயானால் டாக்டர் சொல்வதைக் கேளுங்கள், என்னை வேண்டாம்.

காது மடலில் கனத்த சடை இருந்து ஒட்ட வெட்டினால், அடுத்த ஒன்றிரண்டு நாள் கவனியுங்கள். திடீரென்று லேசான காதை நாய் உதறிக்கொண்டே இருக்கும். உதறி உதறி மடலுக்குள் ரத்தம் கட்டி வீங்கிவிடுவது உண்டு. தலையைச் சுற்றித் துணியைத் தளர்வாகக் கட்டிக் காதை அமர்த்தி வைக்கலாம்.

ஏப்ரல் 19

கேள்வி கேட்டவர் இன்று போகிற போக்கில் "அடுத்த வாரம் அதற்கு ஒரு வயசு" என்கிறார்! இதை நான்தான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். ஏழு வாரமாகப் பாவம் அவரைக் குற்றவாளியாக வைத்திருக்கிறேன்.

ஏறக்குறைய 8 மாதத்திலிருந்து 14 மாதத்துக்குள் குட்டி முடி போய்ப் பெரிய முடி வரும். பழைய மென்முடி உதிர்ந்து புதிய கரடு முடிக்குள் சிக்கும். நேற்றுச் சீவின இடத்தில் இன்று சடை. இந்தச் சில மாதங்களில் பழகிய கையே திணறும். குட்டியாக இருக்கும்போது எதுவும் செய்யாமலேயே அழகாக இருந்ததால் நமக்கும் ஒரு மிதப்பு வந்திருக்கும். குட்டையாக வெட்டி வைத்து இந்தக் காலத்தைத் தாண்டுங்கள். மொட்டையடிக்கச் சொன்ன இடத்தின் மீது இன்னும் கோபம் இருந்தால் விட்டுவிடுங்கள், அவர்கள் உங்கள் நாய்க்கு நல்லதுதான் செய்தார்கள்.

மே 2

"சீப்பைப் பார்த்தாலே கடிக்க வருகிறது." அது சீப்பை நினைவில் வைத்திருக்கிறது. வலித்திருக்கிறது, அவ்வளவுதான்.

தையல் போட்ட பிறகு மிளகு எட்டு மாதம் என்னை அக்குள் பக்கம் விடவில்லை. நான் செய்தது: சீப்பைத் தரையில் போட்டுவிட்டு அதன் பக்கத்தில் தீனி. ஒரு வாரம் அவ்வளவே. அப்புறம் சீப்பின் முதுகால் தோளைத் தொட்டு ஒரு தீனி. அப்புறம் ஒரே ஒரு இழுப்பு, தீனி, எழுந்து போய்விடுவேன். முகம் திருப்பினாலோ உதட்டை நக்கினாலோ அன்றைக்கு அதோடு சரி. கடைசியில் அதுவே வந்து பாயில் சரிந்தது. அவசரப்பட்ட நாட்களில் எல்லாம் ஒரு வாரம் பின்னுக்குப் போனேன்.

வழுக்காத விரிப்பு போடுங்கள். மேசை மேல் வைத்தால் ஒரு கை எப்போதும் நாயின் மேல் இருக்கட்டும். கழுத்தில் கயிறு மாட்டிவிட்டுப் போன் எடுக்கப் போகாதீர்கள், குதித்தால் தூக்குக் கயிறு அது. பிடித்து அமுக்கித்தான் செய்யவேண்டிய நிலைமை என்றால் வீட்டில் செய்யாதீர்கள். மருந்து கொடுத்து அமைதியாக்கிச் செய்ய டாக்டரிடம் வழி உண்டு.

மே 3

"பூலி நாய்க்குச் சடையே அழகாமே, நாம் ஏன் பிரிக்கிறோம்?" என்று ஒரு சோம்பேறி கேட்டிருக்கிறார். (நானும் கேட்டவள்தான்.) பூலியின் சடையும் கொமொண்டோர் என்ற இன்னொரு இனத்தின் சடையும் தானாகக் கயிறு கயிறாகத் திரளும் முடி வகை. அதையும் சும்மா விடுவதில்லை. ஒவ்வொரு கயிறும் அடியில் அடுத்ததோடு ஒட்டாதபடி கையால் பிரித்துக்கொண்டே இருக்கவேண்டும். குளிப்பாட்டினால் உள்ளே காய ஒரு நாளுக்கு மேலும் ஆகும், சரியாகக் காயாவிட்டால் நாறும். நமக்குச் சீப்பு, அவர்களுக்கு விரல். வேலையில்லாத சுருள் எங்கேயும் இல்லை.

மே 24

நகம். கறுப்பு நகத்தில் ரத்தக்குழாய் வெளியே தெரியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி, வெட்டிய முகத்தைப் பாருங்கள். நடுவில் ஒரு கரும்புள்ளி தெரிய ஆரம்பித்தால் நிறுத்துங்கள். ரத்தம் வந்துவிட்டால் ரத்தம் நிறுத்தும் பொடி, அது இல்லாவிட்டால் சோள மாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். சோள மாவு டப்பாவை நாய்ச் சாமானோடேயே வைத்துவிட்டேன். சமையலறையில் தேடுகிறார்கள்.

ஜூன் 8

முழுக்கப் படித்துப் பார்த்தேன். எங்கேயும் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லவில்லை, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன்.

முதல் இரண்டு வருஷம் மிளகுக்கு மூன்று அங்குல முடி வைத்திருந்தேன். அதற்கு அது தேவைப்படவில்லை, எனக்குத் தேவைப்பட்டது. தெருவில் நின்று கொஞ்சுவார்கள், படம் எடுப்பார்கள். பூடில் தண்ணீரில் இறங்கி வாத்து எடுத்துவர வளர்த்த நாய், பெயரே ஜெர்மன் மொழியில் தண்ணீரில் துழாவுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நீந்தும்போது இழுக்காமல் இருக்க உடம்பு முடியை மழித்து, குளிர் தாக்காமல் இருக்க நெஞ்சிலும் மூட்டுகளிலும் மட்டும் விட்டார்கள் என்கிறார்கள். அந்தக் கண்காட்சி வெட்டுகூட வேலையிலிருந்து வந்தது. என் மூன்று அங்குலம் எந்த வேலையிலிருந்தும் வரவில்லை.

இப்போது உடம்புக்கு 5எஃப், காலில் கொஞ்சம் கூடுதல், தலையிலும் காதிலும் மட்டும் நீளம். ஆறு வாரத்துக்கு ஒரு வெட்டு. வாரம் இரண்டு தடவை சீப்பு, ஆனால் தோல் வரை. மார்ச்சில் "தினமும்" என்று வந்தவருக்கு என் பதில் இதுதான்: தினமும் வேண்டாம், அடிவரை வேண்டும். நீளம்தான் வேண்டும் என்றால் தினமும் வேண்டும், அடிவரையும் வேண்டும். அதற்கு நேரம் இருக்கிறவர்கள் இருக்கிறார்கள், பொறாமையாகத்தான் இருக்கிறது.

பனிப்பகுதி நாய்கள், ஜெர்மன் ஷெப்பர்ட் போல அடர்ந்த அடிமுடி உள்ளவற்றை இதைப் படித்துவிட்டு யாரும் ஒட்ட வெட்டிவிடாதீர்கள். அது வேறு முடி, வேறு கதை.

ஜூன் 9

காலையில் சீப்பு இடது காதுக்குப் பின்னால் நின்றது. பட்டாணி அளவு. ராத்திரி கழுத்துப் பட்டையைக் கழற்றாமல் தூங்க விட்டது யார் என்று வீட்டில் விசாரணை நடக்கிறது. வீட்டுக்காரர் துண்டோடு அந்தப் பக்கம் போய்விட்டார்.